நட்டத்திலும் பங்கேற்கும் பணம்

சமூகப் பயனையும் இலாபத்தையும் ஒருசேர எதிர்பார்த்துப் போடப்படும் பணத்துக்கு ‘இம்பாக்ட் முதலீடு’ என்று பெயர் வைத்தது 2007-இல்தான். நிலமும் அடமானப் பொருளும் இல்லாத கிராமத்தாரின் கைத்தொழிலுக்கு முதல் எங்கிருந்து வரும் என்ற கேள்வியோ தமிழகத்தில் நூறாண்டுக்கு மேல் பழையது. எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு வட்டிக்கு வந்தது என்றே பெரும்பாலும் கணக்குப் பார்க்கிறோம். தொழில் நொடித்தால் நட்டம் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால்தான் அந்த வரலாறு விளங்கும்.

சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் வேளாண் வங்கிகள் பற்றி ஆராயும் பணியை ஒப்படைத்தது. 1895-லும் 1897-லும் வெளியான அவருடைய அறிக்கை, ஜெர்மனியின் ரைஃபைசன் கூட்டுறவுக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவானது. கிராமச் சங்கங்களுக்குச் சட்டம் விதித்த பொதுவிதி வரம்பற்ற பொறுப்பு: ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர்களின் சொத்தும் அதற்கு ஈடாகும். நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேர்மையான ஏற்பாடுதான் அது. ஆனால் பகிர்ந்துகொள்ளச் சொத்து வேண்டும். நிலமுள்ளவர், நிலமற்ற கூலிக்காரரைத் தன் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள என்ன காரணம் இருந்தது? சாதி போட்ட வேலியைச் சட்டத்தின் இந்த விதியும் உயர்த்தியது. அரை நூற்றாண்டு கழித்து, 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான் என்று கண்டது. வட்டிக்காரர்களின் பங்கு ஏறக்குறைய 70 விழுக்காடு.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் வேறு வழியில் சென்றது. ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் கடன் தந்தது; அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு அரசுடையது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமித்தார்கள், தங்களுக்குள் உள்கடன் கொடுத்தார்கள், தீர்மானப் புத்தகம் எழுதினார்கள். 1992-இல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோது, அடமானத்தின் இடத்தில் குழுவின் சேமிப்பும் நாணயமும் நின்றன. யாருக்கு அவசரம், யாருக்குத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று உள்கடனில் முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்களே. அமைப்பை உருவாக்கும் செலவைப் பொதுப்பணம் தாங்கியது.

இதே குழுமுறையைத் தனியார் மூலதனம் கையிலெடுத்தபோது அந்த முடிவுரிமை கைமாறியது. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் என்ற நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், கடன் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, ஆந்திர அரசு நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தது. கறவை மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் வாரத் தவணை மாறாது. நட்டம் முழுவதும் கடன் வாங்கியவளுக்கே என்பதுதான் அந்த ஏற்பாடு.

கந்துவட்டியைவிட நுண்கடன் மலிவுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மலிவான கடனும் கடன்தான். விளைச்சலுக்கு முன்பே தவணை கேட்கும் பணத்தைத் தொழிலுக்கான முதலீடு என்று சொல்ல முடியாது. இலாபம் இல்லாவிட்டால் பெருமூலதனம் கிராமத்துக்கு வராது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அரசுப் பணமும் சேமிப்பும் மட்டும் போதாது என்பதையும், பல குழுக்கள் சிறுகடனைத் தாண்டித் தொழிலாக வளரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் வெளிமூலதனம் தேவை. அது வரும்போது தொழிலின் பருவத்துக்கேற்பத் தவணை அமைய வேண்டும். நட்டத்தின் ஒரு பகுதியை முதலீட்டாளர் ஏற்க வேண்டும். கடன் முடிவில் உள்ளூர்ப் பெண்களுக்கு வாக்கு வேண்டும். இவற்றால் இலாபம் குறையும். அந்தக் குறைவை ஏற்க முன்வராத பணம், சமூகப் பயன் என்ற பெயரைச் சூடிக்கொள்ளத் தகுதியற்றது.