டுஷென் தசைச் சிதைவு நோய்

சிறுவர்களின் தசைகளைப் படிப்படியாக நலியச் செய்யும் பரம்பரை நோய் இது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபடுவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குகிறது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் குய்யோம் டுஷென் பெயரால் வழங்கினாலும், இதை அவருக்கு முன்பே, 1850-களின் தொடக்கத்தில், லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியன் தெளிவாக எழுதிவிட்டார். தண்டுவடம் நன்றாக இருக்கிறது, கோளாறு தசையில்தான், தசைநாரின் உறை சிதைகிறது என்று அவர் கண்டது இன்றைய அறிவியலுக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. அதற்குரிய புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை. டுஷென் 1868-இல் 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். உயிருள்ள நோயாளியின் தசையில் சிறு துணுக்கை எடுக்கத் தாமே ஒரு கருவியும் செய்தார்.

நோயைக் கண்ணாலேயே பிடிக்கக் கற்றுத்தந்தவர் மருத்துவர் வில்லியம் கவர்ஸ். தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் எழும் விதத்தை அவர் 1879-இல் விவரித்தார். சிறுவன் முதலில் குப்புறத் திரும்பிக் கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்துவான். பிறகு முழங்காலைப் பிடித்து, கைகளைத் தொடைமேல் சிறிது சிறிதாக நகர்த்தி, தன் உடம்பின்மீதே ஏறுவதுபோல் நிமிர்வான். இடுப்பும் தொடையும் வலுவிழப்பதே காரணம். கெண்டைக்கால்களோ பருத்துத் திரண்டிருக்கும். 'கால் நல்ல உறுதி' என்று வீட்டார் நினைத்துவிடுவதுண்டு. அங்கே தசை அழிந்து கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்துவருகின்றன. நடக்கத் தாமதம், அடிக்கடி விழுதல், மாடிப்படி ஏறத் திணறல் ஆகியவையும் தொடக்க அறிகுறிகள்.

சிதையும் தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் நொதி இரத்தத்தில் கசிவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினர். அன்றுமுதல் எளிய இரத்தப் பரிசோதனையே நோயைச் சுட்டத் தொடங்கியது. ஆயினும் ஒரு தவறு இன்றும் நேர்கிறது: இரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகளின் அளவு கூடியிருப்பதைப் பார்த்துக் கல்லீரல் நோயென்று கருதிப் பல மாதங்கள் வீணாகின்றன. அவை தசையிலிருந்தும் வரும். அத்தகைய சிறுவனுக்குக் கிரியேட்டின் கைனேஸையும் பார்த்தே ஆகவேண்டும்.

பழுதான மரபணுவை 1986-இல் பாஸ்டனில் லூயிஸ் குன்கெல் குழுவினர் கண்டறிந்தனர்; மறு ஆண்டே அது உருவாக்கும் புரதமான டிஸ்ட்ரோபினும் அறியப்பட்டது. தசைநாரின் உறையை உள்ளிருந்து தாங்குவது இப்புரதம். மரபணுப் பரிசோதனை வந்தபின் தசையை வெட்டியெடுத்துப் பார்க்கும் தேவை வெகுவாகக் குறைந்தது.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் மரபணுப் பழுது புதிதாகத் தோன்றியது, தாயிடமிருந்து வந்ததன்று. எனவே தாயைச் சோதிக்காமலே அவர்மீது பழி சுமத்துவது அநியாயம். பழுதான மரபணுவைத் தாங்கும் தாய்க்கு இதயத்தசை பலவீனப்படக்கூடும் என்பதால், மகனோடு அவருக்கும் இதயப் பரிசோதனை தேவை.