பிக்கப்பில் படகு இழுக்கிறீர்களா? கொக்கி மாட்டும் முன் இதைப் பாருங்கள்

பெண்டாங்: 2010 நவம்பரில் கெடாவைத் தாக்கிய பெருவெள்ளத்தில், அலோர்ஸ்டார் அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையே மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் பெண்டாங் உட்பட மாநிலத்தின் பல மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாள்களில் மீட்புப் படகு முதலில் சாலை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். மற்ற நாள்களில் பெடு, மூடா ஏரிகளுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களும், தோட்டத்தில் உரம், தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறவர்களும் டிரெய்லர் இழுக்கிறார்கள்.

“இந்த வண்டி எவ்வளவு இழுக்கும்?” என்றே பலரும் கேட்கிறார்கள். அதை நிறுத்த முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எடைக் கணக்கு

வண்டிக் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் அளவும், பிரேக் இல்லாததற்கு வேறோர் அளவும் இருக்கும். பல நாடுகளில் விற்கப்படும் பிக்கப்புகளுக்கு, பிரேக் இல்லாத டிரெய்லரின் வரம்பு 750 கிலோதான். உங்கள் வண்டிக்கு உரிய அளவையே பின்பற்றுங்கள்.

1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. ஆகவே நிறைந்த தொட்டி ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். பாதி நிறைந்த தொட்டியும் ஆபத்துதான். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கும்.

படகுக்கு ஓர் உதாரணம்: படகு 250 கிலோ, மோட்டார் 40, பெட்ரோல் 20, சாமான்கள் 40, டிரெய்லர் 150, மொத்தம் 500 கிலோ. இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சிமெண்டு மூட்டையின் எடையான 50 கிலோ, கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசை டிரெய்லரின் முன்முனைக்குக் கீழே வைத்தே இதை அளக்கலாம். பாரம் பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

புறப்படும் முன்

இணைப்பின் உருண்டையும் அதன் மேல் உட்காரும் குமிழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பூட்டிய பின் டிரெய்லரின் முன்பகுதியைத் தூக்கிப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்டினால், இணைப்பு விட்டுப்போனாலும் முன்முனை சாலையில் குத்தாது. பிரேக் விளக்கு, சிக்னல், டயர் காற்று ஆகியவற்றையும் சோதியுங்கள். பத்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, கயிறுகளை மீண்டும் இறுக்குங்கள்.

சாலையில்

வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். முன் வண்டியிடமிருந்து நன்றாகத் தள்ளியே ஓட்டுங்கள். டிரெய்லர் ஆடினால் சட்டென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியை விடுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பகுதியும் போகும்.

நீர்க்கரையில்

நீண்ட ஓட்டத்துக்குப் பின் சக்கரங்கள் சூடாக இருக்கும். உடனே நீரில் இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகும், சற்று ஆறவிடுங்கள். பாசி படிந்த சரிவில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வெள்ளத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டிரெய்லரில் கட்டியிருந்தாலும் படகு மிதக்கவே பார்க்கும். நீர் உயர்ந்தால் அது டிரெய்லரையும் தூக்கி, பிக்கப்பின் பின்சக்கரப் பிடிமானத்தைக் குறைக்கும். அரை மீட்டருக்கு மேல் ஓடும் நீர் பிக்கப்பையே அடித்துச் செல்லக்கூடும். எனவே நீர் ஓடும் சாலைக்குள் இறங்காமல், மேட்டிலேயே நிறுத்திப் படகை இறக்குங்கள். மீட்பு உதவிக்கு 999 எண்ணை அழையுங்கள்.

சட்டம்

பட்டறையில் பற்றவைத்த டிரெய்லரை அப்படியே பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் டிரெய்லருக்கும் பதிவு தேவை. இழுவைக் கொக்கி பொருத்தும் முன் அனுமதி பற்றியும், உங்கள் லைசென்ஸ் வகை போதுமா என்பது பற்றியும் ஜேபிஜே அலுவலகத்தில் கேளுங்கள். டிரெய்லரால் ஏற்படும் விபத்துக்குக் காப்புறுதி உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டால் பயன் இருக்காது.