தகடூரின் பரிசில் வழக்கு

செய்தித்தாளில் 'ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்னும் அறிவிப்பை மாணவ நேயர்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பாலம் கட்டவும், குடிநீர்க் குழாய் பதிக்கவும், பள்ளிக்கு மேசை நாற்காலி செய்து தரவும் முன்வருவோரை அரசும் நிறுவனங்களும் அவ்வாறு அழைக்கின்றன. அவ்வழைப்புக்கு விடையாக எழுதப்படும் முன்மொழிவு எளிய கடிதமன்று. வேலையை எங்ஙனம் முடிப்போம், எத்தனை நாளில் முடிப்போம், என்ன செலவாகும், பிறரை விடுத்து எம்மை ஏன் தேர வேண்டும் என்பனவற்றையெல்லாம், படிப்பவர் ஐயம் நீங்குமாறு அதில் எடுத்துரைத்தாக வேண்டும். நம் காலத்தில் இதுவே ஒரு தனித்தொழிலாக வளர்ந்துவிட்டது. 1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தொழிலினர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவதும், முன்மொழிவுப் பணியில் சிறந்தோரைத் தேர்ந்து விருது வழங்குவதும் அச்சங்கத்தின் பணிகளுள் சில.

கேட்கத் தெரிந்தமைக்கு ஒரு விருதா என்று சிலர் நகைப்பர். நகைப்புக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. நன்றாகக் கேட்பவன் நன்றாகச் செய்வான் என்பதற்கு உறுதி ஏது? ஆயினும், கேட்பதும் ஒரு கலை, அக்கலையை அறிந்து மதிப்பது அதனினும் அரிய கலை என்னும் எண்ணம் மேல்நாட்டினின்று நேற்று வந்ததன்று. அதைப் பற்றி நம் நாட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காரசாரமான வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. நடந்த இடம் தருமபுரி.

தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருட்டினகிரி அதனின்று பிரிந்தது. மாவட்டம் புதிது, ஊர் பழையது. சங்கப் பாடல்களில் அதன் பெயர் தகடூர். நகருக்குத் தெற்கே சேலம் செல்லும் வழியில் உள்ள அதியமான்கோட்டை, அந்நாட்டை ஆண்ட குடியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அக்குடியில் புகழ் பெற்றவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வெறும் கற்பனைத் தலைவனோ என்ற ஐயத்தை 1981இல் வெளிப்பட்ட ஒரு கல்வெட்டு போக்கிற்று. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், குகையொன்றில் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளது அது. சதியபுதோ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைக் குறித்து, அவன் அளித்த பாளி, அதாவது துறவியர்க்கான உறைவிடம், அது என்று கூறுகிறது. அசோகன் தன் பாறைச் சாசனத்தில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யாவர் என்று நெடுங்காலம் நடந்த ஆராய்ச்சிக்கும் அச்சிறு வரி விடை தந்தது. அஞ்சியின் பெயரைத் தாங்கிய கல்லும் ஒரு கொடையைத்தான் சொல்கிறது என்பது நம் பொருளுக்கு மிகப் பொருத்தம்.

இனிப் 'பரிசில்' என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். இதைப் பிச்சை என்று கொண்டால் புறநானூற்றின் பாதி நமக்கு விளங்காமற்போகும். புலவர் தம் கல்வியையும் பாட்டையும் கொண்டுவந்து அரசன்முன் வைத்தார். அதன் தரம் அறிந்து அரசன் அளித்தது பரிசில். அரசன் காலம் தாழ்த்தினால் நினைவூட்டிப் பாடுவதற்குப் பரிசில் கடாநிலை என்றும், பெற்றபின் விடைபெற்றுப் பாடுவதற்குப் பரிசில் விடை என்றும் இலக்கண நூலார் துறை வகுத்தனர். கேட்பதற்கு இத்துணை நுட்பமான இலக்கணம் வகுத்த சமுதாயம், கேட்பதைத் தொழிலாகவே மதித்தது என்று நான் கொள்கிறேன்.

தகடூர் வாயிலில் காத்திருந்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஔவையார். நீண்ட வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவருக்கு ஈந்தவன் அஞ்சி என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த கதை. அதே அஞ்சி ஒருமுறை அவருக்குப் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான் என்பதைப் பலர் அறியார். கனி தந்த நட்பு இருக்கிறதே என்று ஔவையார் பொறுத்துக்கொள்ளவில்லை. வாயிற்காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என்று வினவுகிறார். உலகில் அறிவும் புகழும் உடையோர் மாண்டொழியவில்லை. கோடரியேந்திய தச்சன் மக்களுக்குக் காடு எப்படியோ, கல்வியுடையோர்க்கு உலகம் அப்படி என்பது அவர் வாதம். உவமை எங்கிருந்து எடுக்கப்பட்டது பாருங்கள்! கைத்தொழிலாளியோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்வதில் அப்பெரும்புலவருக்குக் குறைவு தோன்றவில்லை. மற்றொரு பாட்டில் அவரே, பலநாள் சென்றாலும் முதல்நாள் போன்றே வரவேற்பவன் அஞ்சி என்றும், அவன் பரிசில் தாழ்த்தாலும் யானை தன் கொம்பிடை வைத்துக்கொண்ட உணவைப் போலத் தவறாது கைக்கு வரும் என்றும் நெஞ்சைத் தேற்றுகிறார்.

ஔவையாரின் மனக்குறை கால தாமதம் பற்றியது. பெருஞ்சித்திரனார் கொண்டுவந்த வழக்கு அதனினும் ஆழமானது. மலைகள் பல கடந்து அவர் தகடூருக்கு வருகிறார். அஞ்சி அவரைக் காணவில்லை. இதைக் கொண்டு செல்க என்று பரிசிலை மட்டும் ஆள்வழியே அனுப்பிவிடுகிறான். வறுமையோ கொடியது. இவர் வறுமையை இவர் பாட்டிலேயே படித்தவர்கள், பரிசிலை வாங்கிக்கொண்டு விரைந்து வீடு திரும்பியிருப்பார் என்றே நினைப்பர். அவரோ மறுத்துவிட்டார். காணாது தந்த பொருளைப் பெற்றுக்கொள்ள நான் வாணிகம் செய்யும் பரிசிலன் அல்லேன் என்றார். தினையளவே ஆனாலும் என் தகுதியின் அளவை அறிந்து தருவதே எனக்கு இனியது என்றார்.

மாணவர்களே, இவ்விடத்தில் நாம் சிறிது நிற்க வேண்டும். அஞ்சி செய்த குற்றம் யாது? கொடாமை அன்று, கொடுத்தான். குறைவாகக் கொடுத்தானா? பாட்டு அவ்வாறு கூறவில்லை. ஆராயாமல் கொடுத்தான் என்பதே குற்றம். படைப்பைப் பார்க்காமல் தரும் பரிசு, எவ்வளவு பெரிதாயினும், படைத்தவனைச் சந்தையில் நிற்கும் வணிகனாக்கிவிடுகிறது. பண்டம் வந்தது, விலை போயிற்று என்பதோடு முடிகிறது. விருது என்பதன் உயிர் பொருளில் இல்லை, தேர்ந்தவன் கண்ணில் இருக்கிறது என்பதைத் தகடூர் வாயிலில் நின்று ஒரு வறியவர் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

இவரே வேறோரிடத்தில் எதிர்மறையான சோதனைக்கும் ஆளானார். வெளிமான் இறந்தபின் அவன் தம்பி இளவெளிமான் சிறிது கொடுக்க, அதையும் கொள்ளாது குமணனிடம் சென்று பாடினார். குமணன் யானையைத் தந்தான். அதை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டு, இரப்போரும் உளர், அவர்க்கு ஈவோரும் உளர், காண்க என்று சொல்லிப் போனார். ஒப்பந்தம் கைநழுவிய எவரும் செய்ய விரும்பக்கூடிய, ஆனால் செய்ய இயலாத காரியம்!

அறிந்து தருதல் என்னும் இக்கொள்கை பாட்டோடு நின்றதா? பிற்கால வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு நல்ல சான்று. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் மதுரையில் உலாப் போந்தபோது, நற்சிங்கன் என்பவன் முறையிட்டான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோனுக்கு வழங்கிய வேள்விக்குடியைக் களப்பிரர் பறித்துக்கொண்டனர், அதை மீட்டுத் தர வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். மன்னன் முறுவல் பூத்து, பழைமையை நாட்டாரைக்கொண்டு மெய்ப்பித்துப் பெறுக என்றான். நற்சிங்கன் மெய்ப்பித்தான், ஊரும் பெற்றான். சாசனம் இதோடு நிற்கவில்லை. அதில் செய்யுள் யாத்தவர், செம்பில் பொறித்தவர் ஆகியோர் பெயரையும் குறித்து, பொறித்தவனுக்கு நிலம் கிடைத்ததையும் சொல்கிறது. ஆவணம் உருவாக்கிய கைகளுக்கும் பரிசு உண்டு என்பது அக்கால நெறி.

நம் காலத்து ஒப்பந்தப்புள்ளி முறையும் இத்திசையில்தான் முயல்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டித் தமிழ்நாடு 1998இல் ஒரு சட்டம் இயற்றிற்று. எவ்வளவைக் கொண்டு அளப்போம் என்பதை முன்னதாகவே ஆவணத்தில் அறிவித்துவிட்டு, அதன்படியே அளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பெரிய பணிகளில் இரண்டு உறைகள் கேட்கப்படுவதுண்டு. தகுதியைக் காட்டும் உறையை முதலில் திறப்பர். அதில் தேறியவர்களுடைய விலை உறையை மட்டுமே பின்னர் திறப்பர். விலையைக் காணுமுன் ஆளைக் காண்க என்று பெருஞ்சித்திரனார் கேட்டதற்கு இது வெகுதூரம் இல்லை. ஆயினும் உறையைத் திறப்பதும் உள்ளிருப்பதைப் படிப்பதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைச் சட்டம் எழுதிப் போக்க முடியாது.

தகடூரை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டோம். அதன் முடிவைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. அஞ்சி போரை வேண்டாத காலமும் உண்டு. தொண்டைமானிடம் அவன் ஔவையாரைத் தூதாக அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை கொண்டான். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் பளபளக்கின்றன இவை; எம் தலைவனுடையவோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் புகழ்வதுபோல் இகழ்ந்தார். முன்மொழிவு எழுதக் கற்போர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் அரிது. எதிரியைப் பற்றி ஒரு வசைச்சொல் இல்லை. தம் தலைவனின் போர்வன்மையைப் பற்றி நேரடியான தற்புகழ்ச்சி இல்லை. இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துவிட்டார்.

ஆனால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேல் வந்தபோது எச்சொல்லும் காக்கவில்லை. கோட்டை விழுந்தது, 'தகடூர் எறிந்த' என்பது அவன் பெயருக்கு அடைமொழியாயிற்று. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் இறந்துபட்டது. புறத்திரட்டு முதலியவற்றில் சிதறிய சில செய்யுட்களே எஞ்சின. வென்றவனைப் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து மட்டும் நமக்குக் கிடைத்தது. 1904இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தார். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் உள்ள பதிகங்கள் அக்காலத்து விருதுப் பட்டியல் போலவே காணப்படுகின்றன. கபிலருக்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ட நாடும். காக்கைபாடினியார் நச்செள்ளையார்க்கு அணிகலனுக்காக ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும். பதிகங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை என்பர் ஆராய்ச்சியாளர். தொகைகளில் மிகை இருக்கலாம்.

எட்டாம் பத்தின் புலவர் அரிசில் கிழார். அவருக்கு இரும்பொறை தன் தேவியோடு அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளிருப்பதெல்லாம் கொள்க என்று, ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுத்தான் என்கிறது பதிகம். அவர் அரசை அவனிடமே திருப்பித் தந்து, நீயே ஆள்க என்று இரந்து, அமைச்சுப் பொறுப்பை மட்டும் ஏற்றார். இந்த இரும்பொறைதான், முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரை வெட்டாமல், அவருக்குக் கவரி வீசி நின்றவன். புலவர் தகுதியைக் கண்ணால் கண்டு மதித்தவன் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த அரிசில் கிழாரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்கும் இரங்கற்பா பாடினார். வென்றவனிடம் பெற்ற பெருங்கொடை தோற்றவன் பெருமையைச் சொல்லவொட்டாமல் அவர் வாயை அடைக்கவில்லை.

அஞ்சி இறந்தபின் அவனுக்கும் நடுகல் எடுத்தனர். அதற்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைத்தனர். நாட்டையே தருகிறோம் என்றாலும் கொள்ளாத அவன், இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று கேட்டவர், ஒருநாள் அவன் வாயிலில் பரிசிலுக்குக் காத்து நின்ற ஔவையார்.