ஹெர்ன்ஹூட் எழுப்புதல்

ஜெர்மனியின் கிழக்கு எல்லையை ஒட்டி, சாக்சனியில் இருக்கும் சிற்றூர் ஹெர்ன்ஹூட். 1727ஆம் ஆண்டு கோடையில் இங்கே கூடிவாழ்ந்த அகதிகளிடையே ஏற்பட்ட எழுப்புதல், மொராவிய சபைக்குப் புத்துயிர் தந்து, புராட்டஸ்டன்ட் அருட்பணியின் போக்கையே மாற்றியது.

இச்சபையின் வேர் பொகீமியாவில் இருக்கிறது. சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழியில் வந்தவர்கள் 1457இல் குன்வால்ட் என்னும் ஊரில் 'சகோதரர் ஐக்கியம்' என்ற சபையை நிறுவினர். லூத்தரின் சீர்திருத்தத்துக்கு 60 ஆண்டுகள் முந்தியது இது. 1620இல் நடந்த வெண்மலைப் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பு தோற்றபின் சபை ஒடுக்கப்பட்டது. அதன் ஆயரும் பெரும் கல்வியாளருமான கொமேனியுஸ் நாடுகடந்து வாழ்ந்து 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அண்டைப் பகுதியான மொராவியாவில் தங்கிவிட்ட சபைக் குடும்பங்கள் வெளியே கத்தோலிக்கராக இருந்து, வீட்டுக்குள் தங்கள் விசுவாசத்தை மறைவாகக் காத்துவந்தன.

1722இல் கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் இக்குடும்பங்கள் சிலவற்றை எல்லை கடத்திச் சாக்சனிக்கு அழைத்துவந்தார். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் 22 வயதே ஆன சின்சென்டார்ஃப் பிரபு. ஹால்லே நகரில் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்த இவர், தரங்கம்பாடி மிஷன் செய்திகளைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர். அம்மிஷனின் முன்னோடி சீகன்பால்குவை ஃபிராங்கேயின் உணவு மேசையிலேயே சந்தித்தவர். அவருடைய நிலத்தில் 1722 ஜூன் 17 அன்று முதல் மரம் வெட்டப்பட்டது. ஊர் எழுந்தது.

ஐந்தாண்டுகளில் அங்கே ஏறத்தாழ 300 பேர் குடியேறினர். மொராவியரோடு லுத்தரன்களும் சீர்திருத்த சபையினரும் வந்து சேர்ந்தனர். வழிபாட்டு முறை, திருவிருந்து, போதகரின் அதிகாரம் என எல்லாவற்றிலும் சண்டை மூண்டது. இடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் என்றும், அருகிலிருந்த பெர்டெல்ஸ்டோர்ஃப் ஊரின் போதகர் ரோத்தேயைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் பழிப்பவர்கள் கிளம்பினர். விசுவாசத்துக்காக வீடுவாசலை விட்டு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தனர்.

சின்சென்டார்ஃப் ட்ரெஸ்டன் அரசுப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று ஹெர்ன்ஹூட்டிலேயே வந்து தங்கினார். வீடு வீடாகச் சென்று பேசினார். 1727 மே 12 அன்று ஊரைக் கூட்டி, பிரிவினையின் பாவத்தைப் பற்றி நீண்ட நேரம் உரையாற்றினார். அன்று ஊரார் கைகொடுத்து ஒரு பொது உடன்படிக்கையை ஏற்றனர்; 12 மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் சிட்டாவ் நூலகத்தில் கொமேனியுஸ் பதிப்பித்த பழைய சபை ஒழுங்கு சின்சென்டார்ஃப் கையில் கிடைத்தது. தாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள் பெரிதும் முன்னோரின் விதிகளாகவே இருப்பதைக் கண்டு ஊரார் உள்ளம் நெகிழ்ந்தனர்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை. எல்லாரும் பெர்டெல்ஸ்டோர்ஃப் ஆலயத்துக்குத் திருவிருந்துக்காக நடந்து சென்றனர். போகும் வழியிலேயே பகைத்திருந்தவர்கள் ஒப்புரவாகினர். ஆராதனையில் இரண்டு சிறுமிகளுக்குத் திடப்படுத்தல் நடந்தது; மக்கள் கண்ணீரோடு பாடி ஜெபித்தனர். ஆராதனை முடிந்தும் பிரிய மனமின்றிக் குழுக்குழுவாக நின்று பேசியவர்களுக்குப் பிரபு தம் வீட்டிலிருந்து உணவு அனுப்பினார். மொராவிய சபையின் 'அன்பின் விருந்து' வழக்கம் இதிலிருந்து வந்தது. அந்த நாளை அச்சபை தன் மறுபிறப்பாக இன்றும் கொண்டாடுகிறது.

அந்த ஒருநாள் உருக்கம் நிலைத்ததற்குக் காரணம், அதைத் தொடர்ந்து வந்த ஒழுங்கு. அதே மாதம் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணிநேரம் என்று நாள் முழுவதையும் பங்கிட்டு இடைவிடாமல் ஜெபிக்க உடன்பட்டனர். ஆள்மாறி ஆள்மாறி இந்த ஜெபச் சங்கிலி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனம் வீடு வீடாக எடுத்துச் செல்லப்பட்டது. 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக அச்சாகிறது. திருமணமாகாத ஆண்கள், பெண்கள், தம்பதியர், கைம்பெண்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. பெண்கள் குழுக்களைப் பெண்களே வழிநடத்தினர். கல்லறைத் தோட்டத்தில் பொதுமக்கள் அனைவருக்கும் ஒரே மாதிரித் தட்டைக் கல்லே பதிக்கப்பட்டது.

1732இல் இவ்வூரின் குயவர் லியோன்ஹார்ட் டோபரும் தச்சர் டேவிட் நிட்ஷ்மனும் கரீபியத் தீவான செயின்ட் தாமஸின் அடிமைகளுக்கு நற்செய்தி சொல்லப் புறப்பட்டனர். கைத்தொழிலால் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்வது அவர்கள் முறை. 1733இல் கிரீன்லாந்துக்கும் பணி விரிந்தது. 1760இல் ஒரு குழு தரங்கம்பாடியில் குடியேறி, 1768இல் நிக்கோபாருக்கும் சென்றது. காய்ச்சல் பலரைப் பலிகொண்டதால் அப்பணி நிலைக்கவில்லை. எழுப்புதல் எல்லாக் குருட்டுத்தனத்தையும் நீக்கிவிடவுமில்லை: செயின்ட் தாமஸில் மிஷனே பெருந்தோட்டம் வாங்கி அடிமைகளை வைத்திருந்தது. திருமுழுக்கில் சகோதரராக ஏற்றவர்களை உடைமையாக வைத்திருந்தது அச்சபையின் வரலாற்றில் ஆறாத வடு.

ஹெர்ன்ஹூட்டின் தாக்கம் பிற சபைகளையும் தொட்டது. 1736இல் அட்லாண்டிக் புயலில் கப்பல் தத்தளித்தபோது அச்சமின்றிப் பாடிய மொராவியரைக் கண்டு ஜான் வெஸ்லி வியந்தார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவர் பெற்ற ஆவிக்குரிய அனுபவத்துக்கு மொராவியர் பீட்டர் போலரின் வழிகாட்டல் பின்புலமாக இருந்தது. அவ்வாண்டே வெஸ்லி ஹெர்ன்ஹூட்டுக்கு நேரில் சென்றார். அவர் தொடங்கிய மெதடிஸ்ட் சபையின் சிறுகுழு அமைப்பில் அந்த ஊரின் சாயல் உண்டு.

இன்று மொராவிய சபையினரில் பெரும்பாலோர் வாழ்வது ஆப்பிரிக்காவில், குறிப்பாகத் தான்சானியாவில். 2024இல் ஹெர்ன்ஹூட் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.