இறப்பரும் கோதுமை மாவும்: யூ-532 நீர்மூழ்கியின் இந்து சமுத்திரப் பயணங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவில் எழுவது, 1943 பெப்ரவரி 9ஆம் நாள் கீல் துறைமுகத்திலிருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிப் புறப்பட்ட யூ-180 ஆகும். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில், அவர் யப்பானிய நீர்மூழ்கி ஒன்றுக்கு மாறிய நிகழ்ச்சி மேடைகளிலும் நூல்களிலும் பலவாறு எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில் இதே சமுத்திரத்துக்கு வந்து, அடுத்த ஆண்டில் கொழும்புக்கு உணவு கொணர்ந்த கப்பலொன்றை மூழ்கடித்த யூ-532 பற்றியோ நம்மிடையே பேசப்பட்டது மிகக் குறைவு. மேனாட்டுப் போர் வரலாறுகளில் அது இடம்பெறுகின்றதாயினும், அங்கு முதன்மை பெறுவன கப்பலின் அமைப்பு, தளபதியின் திறன், மூழ்கடிக்கப்பட்ட தொன்களின் கணக்கு ஆகியனவே.

இக்கட்டுரையில் நாம் அக்கப்பலை வேறொரு முனையிலிருந்து நோக்க முயல்கிறோம். அது எதை அழித்தது, எதைச் சுமந்தது என்பன நாம் எழுப்பும் இரு வினாக்கள். இரண்டுக்கும் விடை தேடிச் செல்லும்போது, போரிட்ட வல்லரசுகளுள் எதற்கும் உரியவரல்லாத உழைப்பாளரே இரு முனைகளிலும் நிற்கக் காண்கிறோம். அவருள் கணிசமானோர் தமிழர் என்பது நமது ஆய்வாளர் மனங்கொள்ளவேண்டிய செய்தியாகும்.

1. கப்பலின் அமைப்பு

யூ-532 ஹம்பர்க் நகரின் டொய்ச்சே வேர்ஃப்ட் கப்பற்றளத்தில் கட்டப்பட்டு, 1942 நவம்பரில் கடற்படைச் சேவையில் சேர்ந்தது. ஒட்டோஹைன்ரிஹ் யுங்கர் என்பவர் அதன் தளபதி. அது ஒன்பது-சி/40 என்னும் வகையைச் சார்ந்தது. நீளம் ஏறத்தாழ 77 மீற்றர். அகலம் 7 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நீர்மேல் இடப்பெயர்ச்சி 1,144 தொன். முன்புறம் நான்கும் பின்புறம் இரண்டுமாக ஆறு குழாய்களிலிருந்து டோர்பிடோக்களை ஏவலாம். அத்தகைய குண்டுகள் 22 வரை கொள்ளும். ஐம்பது பேரளவில் அக்குறுகிய உருளைக்குள் மாதக்கணக்கில் வாழவேண்டியிருந்தது.

நீர்மூழ்கி என்னும் பெயர் அக்காலக் கப்பல்களைப் பொறுத்தவரை ஓரளவு மயக்கம் தருவது. உண்மையில் அவை வேண்டியபோது அமிழக்கூடிய மேற்பரப்புக் கப்பல்களே. நீரின்மேல் டீசல் எஞ்சின்கள் இரண்டு 4,400 குதிரைவலுவுடன் அதனைச் செலுத்தின. மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் 13,850 கடல்மைல் செல்ல முடியும். நீரடியிலோ மின்கலங்களே துணை. மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் 63 கடல்மைல் சென்றதும் அவற்றின் வலு தீர்ந்துவிடும். அஃதாவது பதினாறு மணித்தியாலத்துக்குள் மேலெழுந்து, டீசல் எஞ்சினை இயக்கி, அவற்றை மீண்டும் மின்னேற்றவேண்டும். எழும் நேரமே விமானத்தின் கண்ணிற்படும் நேரம். இக்கப்பல்களின் வலிமையும் அழிவும் இவ்வொரு முரண்பாட்டினுள் அடங்கியிருந்தன.

2. இந்து சமுத்திரத்துக்கு வந்த காரணம்

1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை ஜெர்மனி இழந்தது. நெடுந்தூர விமானங்களும், ராடார்க் கருவியும், இரகசியச் செய்திகளைப் பிரித்தானியர் அவிழ்த்துப் படித்தமையும் இதற்குக் காரணங்கள். வட அத்திலாந்திக்கிலிருந்து கப்பல்களைப் பின்வாங்கிய தலைமைத் தளபதி டேனிட்ஸ், காவல் குறைந்த கடல்களை நாடினார். தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் வேளையில் இந்து சமுத்திரத்தில் தாக்குவதற்கென அமைக்கப்பட்ட அணிக்கு 'மொன்சூன்' என்றே பெயரிட்டனர். நம் மீனவரும் மரக்கல வணிகரும் நூற்றாண்டுகளாகக் கணித்துப் பயணம் செய்த காற்று, போர்த்திட்டம் ஒன்றின் பெயராயிற்று.

1943 யூலைத் தொடக்கத்தில் யூ-532 பிரான்சின் லோறியான் துறையை விட்டு நீங்கியது. ஆபிரிக்காவைச் சுற்றி வந்து, வேட்டையும் நடத்திப் பினாங்கைச் சேர்வதற்கு ஒருமுறை நிரப்பிய எரிபொருள் போதாது. ஆதலின் செப்டெம்பரில் மொறீசியசுக்குத் தெற்கே 'பிறாக்கே' என்னும் எரிபொருட் கப்பலிடம் நிரப்பிக்கொள்ள நேர்ந்தது. அணியாகப் புறப்பட்டவற்றுட் பல வழியிலேயே அழிந்தன. பினாங்கை அடைந்தவை நான்கே. அவற்றுள் ஒன்றான யூ-532 ஒக்டோபர் இறுதியில் அங்குச் சேர்ந்தது.

3. அழிக்கப்பட்டவை

1943 செப்டெம்பர் 19ஆம் நாள் 'ஃபோர்ட் லொங்கேய்' என்ற சரக்குக் கப்பலை யூ-532 மூழ்கடித்தது. உயிர்தப்பியோர் இந்திய மாலுமிகள் இருவர் மட்டுமே. மிதவையொன்றில் 134 நாள் மிதந்து, 1944 பெப்ரவரித் தொடக்கத்தில் சுமத்திராவை அடுத்த தீவொன்றில் அவர்கள் கரையேறினர். ஏறியவுடன் யப்பானியரின் கைதிகளாயினர். அத்திலாந்திக்கில் 133 நாள் தனித்து மிதந்த சீன மாலுமியின் கதை உலகப் புகழ் பெற்றது. இவர்களுடையதோ கப்பற் பதிவேடுகளைப் புரட்டுவோருக்கே தெரிந்தது. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் உழைத்தோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகள். வெள்ளை மாலுமி பெற்ற ஊதியத்தின் ஒரு சிறு பகுதியே இவர்களுக்கு வழங்கப்பட்டது. போர் மூண்ட 1939இலேயே பிரித்தானியத் துறைமுகங்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தமை, தம் உயிரின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

ஒக்டோபர் 11ஆம் நாள் 'ஜலபாலா' மூழ்கியது. இது சிந்தியா கப்பற் கம்பனிக்குரியது. 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விடுவதற்கென வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கம்பனியைப் பிரித்தானியப் போட்டியும் அரச அடக்குமுறையும் நசுக்கிய வரலாறு நாம் அறிந்ததே. 1919இல் எழுந்த சிந்தியா கம்பனி அதே சுதேசி வேட்கையின் பிற்கால வடிவம். பிரித்தானிய முதலாளியம் கடலினின்று அகற்ற முயன்ற இந்தியக் கப்பற்றொழில், பிரித்தானியாவின் போருக்காகவே தன் கலங்களை இழந்தது.

1944 ஜனவரியில் யூ-532 மீண்டும் கடலிறங்கியது. மார்ச் மாத இறுதியில் அதன் குண்டுக்கு இரையான 'துலாகி' என்ற சிறு கப்பல் சிட்னியிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. அதன் சரக்கு கோதுமை மா. இந்தியரும் மலாயரும் அடங்கிய 54 பேருள் 39 பேர் கப்பலோடு மாண்டனர். மிதவைகளிலேறிய பதினைவருள் எழுவரே, ஏறத்தாழ இரண்டு மாதங்களின்பின், சீசெல்சைச் சார்ந்த சிறு தீவொன்றை அடைந்து பிழைத்தனர்.

இச்சரக்கின் பொருளை உணர்வதற்கு அன்றைய இலங்கையின் நிலையை நினைவுகூர்தல் வேண்டும். பெருந்தோட்டப் பொருளாதாரம் நிலத்தைத் தேயிலைக்கும் இறப்பருக்கும் தெங்குக்கும் ஒதுக்கி, மக்களின் சோற்றுக்குப் பர்மாவை நம்பியிருந்தது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரவு அற்றுப்போயிற்று. கூப்பன் முறையும் சங்கக் கடைகளும் பரவின. கோதுமை மாவும் பாணும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் அன்றாட உணவாயின. ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதை யாவரும் நினைவிற் கொண்டுள்ளனர். நடுக்கடலில் எவரும் காணாமல் மூழ்கிய மாவும் அந்நகரின் மீது நிகழ்ந்த தாக்குதலே. ஒரு நாட்டின் உணவைக் கடல்வழி ஒன்றில் தொங்கவிட்டது டோர்பிடோ அன்று. அதற்கு முந்திய நூற்றாண்டுக் குடியேற்ற ஆட்சியே.

4. சுமக்கப்பட்டவை

1944 பெப்ரவரியிலும் மார்ச்சிலும், 'பிறாக்கே' உட்பட, ஜெர்மனியின் எரிபொருட் கப்பல்கள் இரண்டு பிரித்தானிய நாசகாரிகளின் தாக்குதலில் அழிந்தன. ஏப்ரலில் யூ-532 பினாங்குக்கே திரும்பியது. இதற்குள் ஜெர்மனியின் மேற்பரப்புச் சரக்குக் கப்பல்களும் முற்றுகையை ஊடறுக்க இயலாது ஒழிந்திருந்தன. வேட்டைக்கென வகுக்கப்பட்ட நீர்மூழ்கி இப்போது சுமைகாவியாயிற்று. 1945 ஜனவரியில் பத்தாவியாவை நீங்கிய யூ-532, வழியில் மேலும் இரு கப்பல்களை மூழ்கடித்து, மே மாதத்தில் போர் முடிந்த செய்தி கேட்டுப் பிரித்தானியரிடம் சரணடைந்தது. லிவர்பூலுக்குக் கொணரப்பட்டபோது அதனுள் இருந்தவை: வெள்ளீயம் 110 தொன், தங்குதன் தாது 8 தொன், இறப்பர் 8 தொன், மொலிப்டினம் 4 தொன், கொய்னா அரைத் தொன். 'ஃபோர்ட்' வகைக் கப்பலொன்று பத்தாயிரம் தொன்னளவு ஏற்றவல்லது. நான்கு மாதப் பயணத்தில் இந்நீர்மூழ்கி கொணர்ந்ததோ 130 தொன்.

அளவு அற்பமே. ஆயின் அதற்காகவும் ஓர் அரசு தன் மாலுமிகளைப் பணயம் வைத்தமை, கிழக்கின் மூலப்பொருள்களின்றி இயந்திரப் போர் நடவாது என்பதற்குச் சான்று. செயற்கை இறப்பர் ஜெர்மனியிடம் இருந்தது. அதற்கான ஆலையொன்றை எழுப்பவே ஐ. ஜி. ஃபார்பன் நிறுவனம் அவுஷ்விட்ஸ் கைதிகளை வதைத்து வேலை வாங்கியது. அவ்வாறிருந்தும் இயற்கை இறப்பரின் தேவை நீங்கவில்லை.

மலாயாவில் அவ்விறப்பருக்குப் பால்வெட்டியவர் யார்? பெரும்பான்மையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர். யப்பானிய ஆட்சியில் பழைய சந்தையை இழந்த தோட்டங்கள் முடங்க, அவர்களுட் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில்பாதைக்கு அனுப்பப்பட்டு நோயாலும் பட்டினியாலும் மடிந்தனர்.

மலாயா கைநழுவியபின் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பரின் தலையாய ஊற்றாக எஞ்சியது இலங்கை. களனிக்கு வடகிழக்கே ஹெனரத்கொடையில் 1876இல் கியூ தோட்டத்து இறப்பர் நாற்றுக்கள் நடப்பட்டன. மலாயாவில் பெருகிய இறப்பருக்கும் மூலம் கியூவே. களனி கங்கையின் மேற்பள்ளத்தாக்கு, போர்க்காலத்தில், மரம் பட்டுப்போயினும் பால் வேண்டுமெனும் கட்டளைக்கு உட்பட்டது. அங்கும் கத்தி பிடித்தோருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். ஒரே வித்தின் வழிவந்த மரங்களில், ஒரே மொழி பேசிய மக்கள் வெட்டிய பால், எதிரெதிர்ப் படைகளின் சக்கரங்களாயிற்று.

5. முடிவுரை

யூ-532 கப்பல் 1945 டிசெம்பரில் அயர்லாந்துக்கு அப்பால் பிரித்தானியரால் மூழ்கடிக்கப்பட்டது. அதன் நீள அகலங்கள் மீற்றர் கணக்கில் பதிவாயுள்ளன; அதன் பயணங்கள் நாள் தவறாது தெரியும். அதன் வழியில் உழைத்தோரும் மாண்டோருமோ தொகையாகவே எஞ்சினர். இலங்கையில் அவ்விறப்பரை ஈந்த மக்களுக்குக் கிடைத்த கைம்மாறு, போர் முடிந்து மூன்றாண்டில் வந்த 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய அவ்வநீதியைச் சட்ட அளவிலேனும் தீர்ப்பதற்கு 2003ஆம் ஆண்டுவரை புதிய சட்டங்கள் தேவைப்பட்டன.

போர்க்கருவியின் வரலாற்றை எழுதுதல் தவறன்று. அதன் எஞ்சினை விளங்கிக்கொள்ளாது அதன் பயணத்தை விளங்கவியலாது என்பதை மேலே கண்டோம். எனினும் கருவியின் வரலாறு அதன் சுமையின் வரலாறாகவும், சுமையின் வரலாறு உழைத்தோரின் வரலாறாகவும் விரிதல் வேண்டும். கொழும்புத் துறைமுகத்தின் போர்க்காலப் பதிவுகளையும், களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களின் பேரேடுகளையும், மலாயத் தமிழரிடையே வழங்கும் குடும்ப நினைவுகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும் பணி நமது மாணவருக்கு உரியது. அப்பணி நிறைவுறும்வரை, இந்து சமுத்திரப் போரின் கதை கப்பலின் மேற்தளத்திலிருந்து கண்டெழுதிய கதையாகவே நிற்கும்.