கோடிட்ட இடத்தில் ஒரு வாழ்த்து

வாழ்த்து அட்டையின் தோற்றக் கதையில் அன்பைவிட அவசரமே மிகுதி. 1840இல் பிரிட்டனில் பென்னி அஞ்சல் முறை வந்தது. அதற்குமுன் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு, பெரும்பாலும் பெறுபவரிடமே கட்டணம் வாங்கினர். புதிய முறையிலோ அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னியில் சென்றது. அம்முறைக்காக உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல், தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கு விடையெழுத இயலாமல் திணறினார். (வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது இதுதான் போலும்!)

1843 கிறிஸ்துமஸுக்காக, ஓவியரான நண்பர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஓர் அட்டை வரைந்து தரக் கேட்டார் கோல். நடுவில் ஒரு குடும்பம் மதுக்கோப்பைகளை உயர்த்துகிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். படத்தில் குழந்தையும் மது அருந்துவது மதுவிலக்கு வாதிகளைச் சினங்கொள்ளச் செய்தது.

அச்சிட்டவை 1000 பிரதிகள். விற்பனைக்கு வந்தவற்றின் விலை ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. எல்லாவற்றிலும் ஒரே வரி: கிறிஸ்துமஸும் புத்தாண்டும் இனிதாகுக என்பது. எவருக்கும் பொருந்தும் அவ்வரியை நல்ல வாழ்த்தென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேலே பெறுபவர் பெயருக்கும் கீழே அனுப்புபவர் பெயருக்கும் இடம் விட்டிருந்தார்கள். பேனா அங்கே பட்ட பிறகே அட்டை ஒருவருக்கு உரியதாயிற்று. கோல் தம் பாட்டிக்கு அனுப்பிய பிரதி 2001இல் 20,000 பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது.