சுதந்திரம் ஏறாத மலை

கச்சிராயபாளையத்துக்கு என்ன வரலாறு என்று கேட்டால் இரண்டு விஷயம் சொல்லுவாங்க. ஒன்று, 1965இல் கட்டி முடித்த கோமுகி அணை. 46 அடி, 560 மில்லியன் கன அடி தண்ணீர். இன்னொன்று கூட்டுறவு சர்க்கரை ஆலை. சரி, அணைக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது? மேற்கே நிற்கிற கல்வராயன் மலையிலிருந்து. தண்ணி இறங்கி வருகிற கதை பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மலையில் இருக்கிற சனங்களின் கதை மட்டும் ஏன் கீழே இறங்கவில்லை?

மலையின் வரலாறு என்று இதுவரை சொல்லப்பட்டதெல்லாம் ஜாகீர்தார் வரலாறுதான். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று ஒரு பெருமையும் அதோடு சேர்ந்து வரும். கொடுத்தவர் பேர் இருக்கிறது, வாங்கியவர் பேர் இருக்கிறது. காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் விதைத்தவர், கடுக்காய் பொறுக்கிச் சுமந்தவர் பேர் எங்கே? 'குடிகள்' என்கிற ஒத்தைச் சொல்லில் அவர்கள் கதை முடிந்துபோனது.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1947இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த, அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசியல் சட்டம், தன் 23ஆம் பிரிவில் வெட்டி வேலையைக் குற்றம் என்றது. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம். கல்வராயன் மலை ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1976இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த அதே ஆண்டு. அதுவரைக்கும் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், விளைந்ததில் பங்கு அளக்க வேண்டும். அடிவாரத்துக்கு வந்த சுதந்திரம் மலை ஏறுவதற்கு 29 வருஷம் ஆகியிருக்கிறது.

இதில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஜாகீர்தாரும் மலையாளி, குடியும் மலையாளி. (கேரளத்துக்காரர் அல்ல, மலையை ஆள்கிறவர் என்று பொருள்படும் பழங்குடிப் பெயர் இது.) இரண்டு பேருக்கும் 'கவுண்டன்' என்பதே பட்டம். ஒரே பட்டம் இருந்தால் ஒரே வாழ்க்கை ஆகிவிடுமா? பட்டம் பொதுவாக இருந்தது, நிலம் பொதுவாக இல்லை. பழங்குடி என்றாலே ஏற்றத்தாழ்வு அறியாத சமூகம் என்று வெளியிலிருந்து கனவு காண்பவர்கள் இந்த மலையை ஒருதரம் படிக்கட்டும்.

இன்னும் அடியில் போனால் இன்னொரு குரல் அமுங்கிக் கிடக்கிறது. 1906இல் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை எழுதிய பிரான்சிஸ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி, மலையாளிகளிடையே வழங்கிய ஒரு கதையைப் பதிவு செய்தார். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் மலையில் முன்பே இருந்த வேடர்களைக் கொன்று, அவர்களின் பெண்களை மணந்துகொண்டார்களாம். அதன் நினைவாகக் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிப்பார்களாம். வெடிச் சத்தம்தான் வேடர் புருஷனின் சாவு. நடந்ததா, நடக்கவில்லையா என்பது வேறு விஷயம். ஒரு சமூகம் தன் சடங்குக்குள்ளேயே தோற்றவனின் சாவை வைத்திருக்கிறது. ஆனால் செத்தவனுக்கும் பேர் இல்லை, கட்டிக்கொண்டு போகப்பட்ட பெண்ணுக்கும் பேர் இல்லை. தர்ஸ்டனும் 1909இல் தன் தொகுதியில் இதை எடுத்துப் போட்டார். துரைமாருக்கு அது வினோதம். நமக்கு அது சாட்சியம்.

மாவட்டத்தின் பேர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. தென்னார்க்காடு, 1993இல் விழுப்புரம், 2019இல் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலும் தலித் கூலிச் சனங்கள். அதன் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, கல்வராயன் மலையில் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று அரசைக் கேட்டது. கீழே சேரியில் பிணம் விழுந்தால்தான் மேலே மலை கண்ணுக்குத் தெரியுமென்றால், இந்த இரண்டு சனங்களின் கதையும் தனித்தனிக் கதை அல்ல.

வரலாறு எழுதி என்ன ஆகப்போகிறது, சோறு போடுமா என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்தோ உழுதோ வரும் பழங்குடியினர் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். ஆதாரம்? அரசுக் காகிதம் மட்டுமல்ல. மனு கொடுத்தவர் அல்லாத ஊர்ப் பெரியவர் வாயால் சொன்னதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். பழைய கிணறு ஆதாரம், சுடுகாடு ஆதாரம், சாமி இடம் ஆதாரம். விதிகளிலேயே இருக்கிறது. அதாவது இந்த மலையில் ஒரு கிழவியின் ஞாபகம் நிலவுரிமைக்குச் சமம்.

1976இல் இருபது வயதாக இருந்தவர் இன்றைக்கு எழுபதைத் தொட்டிருப்பார். அதற்கு முந்தைய தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. ஒவ்வொரு சாவோடும் ஒரு சாட்சியம் புதைகிறது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுகிற மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போகட்டும். ஜாகீர்தாரின் வம்சத்தைக் கேட்க வேண்டாம், அது எழுதப்பட்டாயிற்று. யார் நிலத்தில் எத்தனை நாள் சும்மா உழைத்தீங்க, விளைச்சலில் எவ்வளவு அளந்தீங்க, வராதவனை என்ன பண்ணினாங்க, உங்க அம்மா பேர் என்ன? இதைக் கேட்கட்டும். கேட்டதை எழுதி, கிராம சபையில் எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கட்டும்.